கணினியின் முகத்தை மாற்றும் உரிமை எங்கிருந்து வந்தது?

 

போன கிழமை எங்கள் பாடசாலைக் கணினி அறையின் படம் ஒன்றைப் போட்டிருந்தோம். கீழே வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "புது கொம்பியூட்டரா சேர்? யார் தந்தது?" ஒரு நானா, தந்தவருக்கு துஆவே செய்துவிட்டார். துஆ வீண்போகாது. ஆனால் தந்தவர் என்று ஒருவரும் இல்லை. படத்தில் இருப்பவை 2008, 2009 காலத்துப் பெட்டிகள். வருட இறுதிப் பொருட் கணக்கெடுப்பில் "பாவனைக்கு உதவாதவை" என்று எழுதி வெளியே அனுப்புவதற்காக மூலையில் அடுக்கி வைத்திருந்த அதே பதினொன்று. அவற்றில் எட்டு இப்போது ஓடுகின்றன. மாறியது திரையில் தெரியும் முகம் மட்டும்தான்.

"முகத்த மாத்தினா கொம்பியூட்டர் வேகமாகுமா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் நாற்பது வருடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று சனிக்கிழமை, வெளியே விடாத மழை, கரண்டும் இருக்கிறது. சொல்லிவிடுகிறோம். நீளம் என்று கோபிக்க வேண்டாம்.

முதலில் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் ஓடும் பஸ்கள் பலவற்றுக்கு எஞ்சினும் சசியும் ஒரு கம்பனியில் செய்தவை. மேலே உள்ள பொடியைக் கட்டுவது வேறு ஆட்கள். சீட், ஜன்னல், கதவு, கம்பி, சாயம் எல்லாம் அவர்கள் கைவேலை. பொடி பழசானால் கழற்றிவிட்டு வேறு கட்டலாம். எஞ்சினைத் தூக்கி எறியத் தேவையில்லை.

லினக்ஸ் போட்ட கணினி இந்த பஸ்ஸைப் போன்றது. கீழே இருந்து வேலை செய்வது பணிசெயல் முறைமை (பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லையே பாவிக்கிறோம்). மேலே நாம் கண்ணால் காண்பது மெனு, பட்டை, ஜன்னல்கள், கோப்புறைகளைத் திறந்து காட்டும் கருவி, பின்னணிப் படம். இந்த மேல் கட்டுமானம் முழுவதற்கும் டெஸ்க்டொப் சூழல் என்று பெயர். வின்டோஸிலும் அப்பிளிலும் எஞ்சினும் பொடியும் ஒட்டியபடியேதான் வரும், கம்பனி தருவதுதான் முகம். லினக்ஸில் ஒரு சூழலை வைத்துக்கொண்டே பக்கத்தில் இன்னொன்றை நிறுவி, உள்நுழையும்போது எது வேண்டும் என்று தெரிவு செய்யலாம். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். நாம் எழுதி வைத்த கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வசதி தற்செயலாக வந்ததல்ல.

1983இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஏதெனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் வளாகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கணினியைப் பாவிக்க வேண்டும் என்பது நோக்கம். சிக்கல் என்னவென்றால் கணினிகளைக் கொடுத்தது ஒரு கம்பனி அல்ல. டிஜிட்டல் ஒரு பக்கம், ஐபிஎம் இன்னொரு பக்கம். எல்லா இயந்திரத்திலும் ஒரே மாதிரி ஜன்னல்களை வரைய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. பொப் ஷைப்ளரும் ஜிம் கெட்டிஸும் 1984இல் எழுதத் தொடங்கிய எக்ஸ் வின்டோ சிஸ்டம் அதற்குத்தான். 1987 செப்டெம்பரில் அதன் பதினோராவது பதிப்பு வந்தது. அந்தப் பதினொன்றைத்தான் பல லினக்ஸ் கணினிகள் இன்றுவரை பாவிக்கின்றன. இப்போதுதான் வேலண்ட் என்ற புதியது மெல்ல மெல்ல அதன் இடத்துக்கு வருகிறது.

எக்ஸை எழுதியவர்கள் ஒரு விடயத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். திரையில் ஜன்னல் வரைவதற்கான வழியை நாங்கள் தருவோம், அந்த ஜன்னலுக்கு என்ன நிறம், மூடும் பொத்தான் எந்த மூலையில், மெனு மேலேயா கீழேயா என்று நாங்கள் தீர்மானிக்க மாட்டோம் என்றார்கள். அதை வேறொரு மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். சசியும் பொடியும் பிரிந்த இடம் இதுதான். எங்கள் எட்டுப் பெட்டிகளும் இன்று உயிரோடு இருப்பதற்கான முதற்காரணத்தைத் தேடினால் இந்த 1984இல்தான் போய் நிற்க வேண்டும்.

சுதந்திரம் கொடுத்தால் குழப்பமும் வரும். 1991 ஓகஸ்ட் மாதம் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தார். சில வருடங்களில் லினக்ஸும் எக்ஸும் சேர்ந்து சாதாரண வீட்டுக் கணினிகளில் ஓடின. ஆனால் ஒரு செயலியின் பொத்தான் ஒரு மாதிரி, இன்னொன்றின் பொத்தான் வேறு மாதிரி. ஒன்றில் நகலெடுத்ததை மற்றதில் ஒட்ட முடியாது. கணினி படித்தவர்கள் சமாளித்தார்கள், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஒழுங்கான ஒரு முகம் அப்போதும் இருந்தது. பெரிய யுனிக்ஸ் கம்பனிகள் சேர்ந்து 1993இல் அறிவித்த சிடிஈ என்ற சூழல். அது காசுக்கு விற்கப்பட்டது. மாணவர்களின் கைக்கு எட்டாது.

1996 ஒக்டோபர் 14. ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் இணையச் செய்திக் குழுவில் ஒரு நீண்ட கடிதம் போட்டார். கணினி வல்லுநருக்கு அல்லாமல் சாதாரணப் பாவனையாளருக்கு முழுமையான ஒரு முகம் செய்வோம், கூட வாருங்கள் என்று அழைப்பு. சிடிஈயைக் கிண்டலடிப்பதுபோலத் தன் திட்டத்துக்குக் கேடிஈ என்று பெயர் வைத்தார். 1998 ஜூலையில் முதல் பதிப்பு வந்தது. வேலை சுத்தம்.

ஆனால் ஒரு முள் இருந்தது. கேடிஈயைக் கட்டியது க்யூட் என்ற கருவித் தொகுதியின் மேல். அது நோர்வேயின் ட்ரோல்டெக் என்ற கம்பனிக்குச் சொந்தம். இலவசமாகப் பாவிக்கலாம், ஆனால் திருத்தி, திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்க அனுமதி இல்லை. "இலவசம்தானே, இதிலே என்ன பிரச்சினை?" என்று எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பக்கத்து வீட்டார் தம் காணியால் நடந்துபோக விடுகிறார்கள், காசு கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் காணி கைமாறி வேலி போட்டால் நம் வீட்டுக்கு வழி இல்லை. 1983இலிருந்து க்னூ திட்டத்தை நடத்திவந்த ரிச்சர்ட் ஸ்டோல்மனின் பக்கத்தவர்கள் பயந்தது அந்த வேலிக்குத்தான்.

அதனால் 1997 ஓகஸ்டில் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகெல் டி இகாசாவும் பெடெரிகோ மேனாவும் க்னோம் என்ற போட்டிச் சூழலைத் தொடங்கினார்கள். கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளுக்காக எழுதப்பட்டிருந்த ஜிடிகே என்ற கருவித் தொகுதியை எடுத்துக்கொண்டார்கள். யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்ற உரிமத்தின் கீழ் இருந்தது அது. மூன்று வருடம் இரண்டு பக்கமும் கடுமையாக மோதிக்கொண்டன. கடைசியில் 2000 செப்டெம்பரில் ட்ரோல்டெக் கம்பனியே இறங்கிவந்து க்யூட்டையும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொடுத்தது. சண்டைக்குக் காரணம் போய்விட்டது, ஆனால் இரண்டு சூழல்களும் தங்கிவிட்டன. வீணான இரட்டை வேலை என்று அப்போது பலர் சலித்துக்கொண்டார்கள். நாங்களும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். இப்போது நினைப்பதில்லை. ஏன் என்பது கொஞ்சம் கீழே.

இந்தப் பெரிய சண்டைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒலிவியே பூர்தான். 1996இல் அவர் தொடங்கிய எக்ஸ்எப்சிஈ, காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த சிடிஈயைப் பார்த்துச் செய்த எளிய முகம். அதையும் ரெட் ஹெட் லினக்ஸில் சேர்க்கக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவர் பாவித்த எக்ஸ்போர்ம்ஸ் என்ற தொகுதியின் மூலநிரல் திறந்ததாக இல்லை என்பதே காரணம், அதே வேலிப் பிரச்சினை. மனிதர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1999இல் முழுவதையும் ஜிடிகேயில் திருப்பி எழுதினார். இன்று எங்கள் எட்டு மெஷினிலும் ஓடுவது அந்த எக்ஸ்எப்சிஈதான்.

இதற்கு நடுவே எங்கள் கதையும் ஒரு துண்டு. உபுண்டு லினக்ஸ் 2004 ஒக்டோபரில் வந்தது. கேட்டால் உலகின் எந்த மூலைக்கும் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், 2011 வரைக்கும். மண்ணிறக் கடிதவுறையில் வந்த அந்த சிடிதான் நாங்கள் முதலில் தொட்ட "களவு இல்லாத" மென்பொருள். அதற்கு முன் ஊரில் எல்லோரும் போலத்தான், கடையில் கள்ள சிடி. (ஹராமா ஹலாலா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். பள்ளிக்கு முன்னால் நின்று ஏற்கெனவே போதுமான அளவு நடத்தியாயிற்று.) கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது விடுதியில் ஒருவரின் பழைய லெப்டொப்பில் அதைப் போட்டோம். அப்போது உபுண்டுவின் முகம் க்னோமின் இரண்டாம் தலைமுறை. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு. பத்து நிமிடத்தில் யாருக்கும் பழகிவிடும்.

பிறகு 2011 வந்தது.

அந்த ஏப்ரலில் க்னோம் மூன்றாம் தலைமுறையை வெளியிட்டார்கள். பழைய மெனு போயிற்று, கீழ்ப்பட்டை போயிற்று. தொடுதிரைக் காலம் வருகிறது, எல்லாவற்றையும் புதிதாக யோசிப்போம் என்பது அவர்கள் எண்ணம். அதே மாதம் உபுண்டு அதை ஏற்காமல் யுனிட்டி என்று தனக்கொரு முகத்தை முன்வைத்தது. அதுவும் புதிது. இரண்டுக்கும் வரைகலையை முடுக்கித் தரும் வன்பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும். பழைய கணினிகள் தள்ளாடின. கேடிஈக்காரர்கள் 2008 ஜனவரியில் நான்காம் பதிப்பைப் பாதி வெந்த நிலையில் வெளியிட்டு இதே ஏச்சை வாங்கியிருந்தார்கள். லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸே க்னோம் மூன்றை வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எப்சிஈக்குப் போனார். (இரண்டு வருடத்தில் க்னோமுக்கே திரும்பியும் வந்தார். பெரியவர்களும் அப்படித்தான்.)

எங்கள் கண்ணுக்கு இந்த வரலாற்றின் முக்கியமான இடம் இதுதான். வின்டோஸில் இப்படி ஒரு முகமாற்றம் வந்தால் நாம் என்ன செய்ய முடியும்? புலம்பலாம், பழகிக்கொள்ளலாம். 2012இல் வின்டோஸ் 8 தொடக்க மெனுவை எடுத்தபோது உலகம் அதைத்தான் செய்தது. லினக்ஸில் நடந்தது வேறு. ஆர்ஜென்டினாவில் பெர்பெரோஸ் என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர், கைவிடப்பட்ட க்னோம் இரண்டின் மூலநிரலை எடுத்து, பெயரை மாற்றி, பராமரிக்கத் தொடங்கினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. 1997இல் க்னோம்காரர்கள் பிடிவாதமாகத் தெரிவு செய்த உரிமம் அந்த உரிமையை முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தது. க்னோமை உருவாக்கியவர்களே நினைத்தாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது. வீண் சண்டை என்று நாங்கள் நினைத்த அந்த உரிமச் சண்டை, பதினான்கு வருடம் கழித்துப் பழைய கணினி வைத்திருந்தவர்களைக் காப்பாற்றியது.

அந்தப் புதிய சூழலுக்கு அவர் வைத்த பெயர் மாத்தே. தேயிலை நாட்டுக்காரர்களான நமக்கு இதைக் கேட்டால் ஒரு சிரிப்பு வரும். மாத்தே என்பது தென் அமெரிக்காவில் ஒரு மரத்தின் இலையைக் காயவைத்துச் சுடுநீரில் ஊறவைத்துக் குடிக்கும் பானம். அவர்களுடைய "பிளேன்டீ" என்று சொல்லலாம். சிரியாவிலும் லெபனானிலும்கூட அதைப் பிரியமாகக் குடிக்கிறார்கள். நம் தேயிலைக்கும் அதற்கும் தாவர உறவு ஒன்றும் கிடையாது. அதே காலத்தில் லினக்ஸ் மின்ட் திட்டத்தைச் சேர்ந்த கிளெமென்ட் லெபெவ்ர், க்னோம் மூன்றின் அடித்தளத்தில் பழைய பாணி முகம் ஒன்றைக் கட்டினார். அதற்கு வைத்த பெயர் சினமன், அதாவது நம் கறுவா. ஒரு பக்கம் மாத்தே இலை, இன்னொரு பக்கம் கறுவாப்பட்டை. இலங்கையின் பெயரை வைக்காமலே பாதி இலங்கையை வைத்துவிட்டார்கள்.

நிஜமாகவே நம் மலையின் பெயரை வைத்ததும் ஒன்று இருந்தது. 2010களின் தொடக்கத்தில் தனிஷ்க நவின் என்ற இலங்கையர் முன்னின்று வெளியிட்ட ஹந்தானை லினக்ஸ். கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலைதான் பெயருக்குக் காரணம். தேயிலை நூதனசாலை இருக்கிறதே, அந்த மலை. பெடோரா லினக்ஸை அடிப்படையாக வைத்து ஒரு டிவிடியில் வந்தது. இணைய வசதி குறைந்த இடங்களுக்காகத் தேவையான மென்பொருள்களை எல்லாம் முன்கூட்டியே அதற்குள் அடைத்திருந்தார்கள். ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றும் இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட டெஸ்க்டொப் சூழல்களும் உள்ளேயே இருந்தன, கல்விக்கென்று தனிப் பதிப்பும் வந்தது. பாடசாலை மாணவனுக்கு வேண்டியது என்ன என்று நம் நாட்டிலிருந்தே யோசித்த முயற்சி. சில வருடங்களில் புதிய பதிப்புகள் வருவது நின்றுபோனது. தன்னார்வ முயற்சிகள் பலவற்றுக்கும் நேர்வதுதான். பக்கத்தில் கேரளத்தின் அரசுப் பாடசாலைகளைப் பாருங்கள். அங்கே ஆசிரியர்களின் அழுத்தமும் அரசின் திட்டமும் சேர்ந்ததால் லினக்ஸ் இருபது வருடமாகப் பாடத்திட்டத்தோடு ஊறிவிட்டது. தனியாள் உழைப்புக்குப் பின்னால் ஒரு திணைக்களம் நின்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதை நினைத்துப் பார்க்கிறோம். அவ்வளவுதான், யாரையும் குறை சொல்லவில்லை.

இப்போது எங்கள் அறைக்கு வருவோம்.

இந்தப் பெட்டிகள் கோர் 2 டுவோ, இரண்டு ஜிபி ரெம். வின்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. வைரஸ் பிடித்து, பென் டிரைவ் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி, கடைசியில் பாடம் நடத்துவதைவிடத் துப்புரவு செய்வதிலேயே நேரம் போனது. நலன்விரும்பி ஒருவர் வந்து உபுண்டு 22.04ஐப் போட்டுத் தந்தார். நல்ல மனிதர். ஆனால் உபுண்டுவின் இயல்பான முகம் 2017 ஒக்டோபரிலிருந்து மறுபடியும் க்னோம். அதற்கு நான்கு ஜிபி ரெம் வேண்டும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது அதில் பாதி. மெனுவைத் தட்டினால் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஒரு கணினியில் மூன்று பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் கை வைக்கக் கிடைப்பது பத்து நிமிடம்கூட இல்லை. "லினக்ஸ் சரிவராது, கழித்துவிடுவோம்" என்று பேச்சு வந்தது.

கழித்திருந்தால் என்ன ஆகும் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். கணினி அறை இல்லாவிட்டால் தரம் 10இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தொகுதிப் பாடமாக எடுக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. எடுத்தாலும் படத்தைப் பார்த்து நீச்சல் படிக்கிற கதைதான். நகரத்தில் வீட்டில் கணினி உள்ள பிள்ளை சமாளிக்கும். மேல் கணக்கு லயத்திலிருந்து, அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு தானே தலை சீவி நடந்து வருகிற பிள்ளைக்கு இந்த மூலையில் கிடந்த பதினொன்றைத் தவிர வேறு கணினி இல்லை.

அதனால் கடைசி முயற்சியாக முகத்தை மாற்றினோம். பணிசெயல் முறைமையைத் தொடவில்லை, கோப்புகளை அழிக்கவில்லை. டேர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் இன்ஸ்டோல்" என்று தொடங்கும் ஒரு வரி. இணையத்திலிருந்து சில நூறு எம்பி இறங்கியது. எங்கள் பக்கம் சிக்னல் எப்படி என்று தெரியும்தானே, போனை ஜன்னல் கம்பியில் கட்டித்தான் வேலை நடந்தது. முடிந்ததும் வெளியேறி, பெயரைத் தட்டி, கடவுச்சொல் போடும் முன் கீழ் மூலையில் தெரியும் சிறிய சக்கரத்தை அழுத்தினால் பட்டியல் வரும். அதில் எக்ஸ்எப்சிஈயைத் தெரிவு செய்து உள்ளே போனோம். ஒன்றும் திறக்காத நிலையில் க்னோமில் ஒரு ஜிபிக்கு மேல் தின்றுகொண்டிருந்த மெஷின், இப்போது 600 எம்பி அளவில் நின்றது. மெனு தட்டிய கையோடு திறந்தது. தரம் 11 பிள்ளை ஒன்று "சேர், இது வேற கொம்பியூட்டரா?" என்றது. நீங்கள் கேட்ட அதே கேள்வி.

எல்லாம் பூப்போல நடந்தது என்று சொல்ல மாட்டோம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சில.

எக்ஸ்எப்சிஈயை இரண்டு விதமாக நிறுவலாம். வெறும் சூழலை மட்டும் போடலாம். அல்லது சூபுண்டு என்ற முழுத் தொகுதியாகப் போடலாம். நாங்கள் முதல் மெஷினில் இரண்டாவதைச் செய்தோம். கோப்பு திறக்கும் கருவி இரண்டு, டேர்மினல் இரண்டு, எழுதும் கருவி இரண்டு என்று மெனு முழுக்க இரட்டைப் பிள்ளைகள். கணினி தொடங்கும்போது வரும் சின்னமும் மாறிவிட்டது. மற்ற ஏழுக்கும் வெறும் சூழலோடு நிறுத்திக்கொண்டோம். முழுத் தொகுதியைப் போடும்போது நடுவில் திரையில் ஒரு கேள்வி வரும். உள்நுழையும் திரையை யார் நடத்துவது, பழையவரா புதியவரா என்று. பயப்பட வேண்டாம், எதைச் சொன்னாலும் கணினி உடையாது. பிறகும் மாற்றலாம்.

பெரிய தலைவலி தமிழில்தான் வந்தது. க்னோமில் இருந்த தமிழ் விசைப்பலகை புதிய முகத்தில் காணாமல் போனது. தட்டெழுதினால் ஆங்கிலம் மட்டும். காரணம், விசைகளைத் தமிழாக மாற்றும் ஐபஸ் என்ற கருவியை க்னோம் தானாகத் தொடங்கிவிடும். எங்கள் எக்ஸ்எப்சிஈயில் அதை நாமே தொடங்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. மொழி அமைப்பில் உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தெரிவு செய்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்ததும் சரியானது. இலங்கையில் நாம் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் கிடைக்கும், தமிழ்நாட்டுத் தமிழ்99உம் கிடைக்கும். மெனுக்களையும் தமிழிலேயே வைக்கலாம். 2000களின் தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பலர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து மொழிபெயர்த்ததன் பலன் அது. சில சொற்கள் நம் பாடப்புத்தகத்தோடு ஒத்துவராது. நாம் பணிசெயல் முறைமை என்போம், அவர்கள் இயங்குதளம் என்பார்கள். பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்களுக்குத்தான் வியர்க்கிறது.

இன்னொன்று பாமினி. நம் பாடசாலைகளில் பத்து வருட வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தானே கிடக்கிறது. லினக்ஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை. எங்கள் சமூகவியல் டீச்சர் அதைப் பார்த்துக் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். தீர்வு சின்னது. அந்த எழுத்துருக் கோப்பை எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் லிப்ரே ஒபிஸில் பழைய தாள்கள் எல்லாம் அப்படியே தெரிந்தன. புதிய தாள்களை யூனிகோடில் எழுதுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறோம்.

முகம் மாறினாலும் பிரவுசரின் பசி மாறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூடியூப்பும் இன்னும் நான்கு பக்கமும் ஒன்றாகத் திறந்தால் இரண்டு ஜிபி எந்த மூலைக்கு? எழுத, கணக்குத்தாள் பழக, நிரல் எழுதிப் பார்க்க, படம் வரைய தாராளம். இணையத்துக்குச் சிக்கனம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகள் ஊரில் நிறைய. கடைகளில் "இது முடிஞ்சுது, புதுசு எடுங்க" என்ற பேச்சை நாங்களே காதால் கேட்டோம். 2022இல் டொலர் ஏறியபோது ஒரு சாதாரண லெப்டொப்பின் விலை எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அது இன்னும் முழுதாக இறங்கவில்லை. பிள்ளைக்குக் கணினி வாங்கக் கைமாற்றுக் கடன் கேட்டு வரும் தகப்பனிடம் நாங்கள் இப்போது முதலில் கேட்பது, "வீட்டில பழசு ஏதும் கிடக்கா? அதைக் கொண்டு வாங்க, பாப்பம்."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் காலை ஒன்பதிலிருந்து லுஹர் வரை கணினி அறை திறந்திருக்கும். பள்ளிவாசல் அலுவலகக் கணினியும், அஹதிய்யாவின் இரண்டு கணினிகளும் வருகின்றன. கோவில் பரிபாலன சபையிலிருந்தும் ஒன்றைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருமுன் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வாருங்கள். மீதி மூன்று மெஷினில் ஒன்றுக்கு பவர் சப்ளை போய்விட்டது, இரண்டுக்கு ரெம் இல்லை. யாருடைய வீட்டிலாவது, கடையின் பின்னறையிலாவது டிடிஆர்2 ரெம் சும்மா கிடந்தால், ஒரு ஜிபி என்றாலும் பரவாயில்லை, பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். ஈரம் படாமல் பழைய பத்திரிகையில் சுற்றி.